மாற ஆள் வரும்

நத்தார், கிறிஸ்மஸ் நாள். பின்னேரம் நாலு மணி... மார்கழி மாதத்து லண்டனில் நாலு மணி என்றால் இருட்டுத்தான், அதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பஸ் இல்லை. ரயில் இல்லை. ஊரெல்லாம் வான்கோழியைத் தின்றுவிட்டு டிவிக்கு முன்னால் சாய்ந்து கிடக்கிறது. கானிங் ரவுண் தாண்டி சில்வர்ரவுணுக்குப் போகிற ரோட்டில் ஒரே ஒரு கார். ஒரு பக்கம் மூடிக் கிடக்கிற மாவாலை, முழுசான கண்ணாடி ஒன்றுகூட இல்லை. மற்றப் பக்கம் தகர வேலி. எங்கேயோ ஒரு சங்கிலி காற்றில் கம்பத்தோடு அடிபடுகிறது... டிங்... டிங்... காருக்குள் ஆற்றுச் சேற்று மணம். அதற்கு மேலே பக்கத்துச் சீனி ஆலையின் கருகின மணம்.

காரை ஓட்டிக்கொண்டு போவது குகதாசன். என் சிநேகிதி நிர்மலாவின் புருசன்.

இப்படித்தான் நான் தொடங்கினேன். சிவராத்திரி இரவு. லூயிஷாம் சிவன் கோயில் மண்டபத்தில் இரண்டாம் சாமப் பூசை முடிந்துவிட்டது, மூன்றாம் சாமத்துக்கு நேரம் கிடந்தது. தேவாரம் பாடினவர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோப்பியும் தீர்ந்துவிட்டது. ஹீட்டரைச் சுற்றிக் கம்பளத்தை விரித்து ஏழெட்டுப் பேர் முடங்கிக்கொண்டு இருந்தோம். "சுலோ அக்கா, கண் சொருகுது. ஏதாவது சொல்லுங்கோவன்" என்று கேட்டது சந்திரவதனா. நித்திரை கொண்டால் விரதம் போச்சு. சரி, நித்திரை வராத கதையாகவே சொல்கிறேன் என்றேன். நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை, காஸ் பில்லை நம்புகிற ஆள். ஆனால் இது நிர்மலா தன் வாயால் எனக்குச் சொன்ன விசயம்.

குகதாசன் லண்டனுக்கு வந்த புதிதில் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்தவர். பகலில் கொலிச், இரவில் காசு வாங்குகிற கண்ணாடிக் கூடு. அப்படிப் படித்துத்தான் கொம்பியூட்டர் வேலைக்குப் போனார். போன இடமும் ஷெட்டுக்குத் தூரம் இல்லை. தனியாக இரவு வேலை செய்கிறவர்களை மணிக்கொரு தரம் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்க்கிற ஒரு கம்பனி. கூப்பிடுவது மனிசர் இல்லை, கொம்பியூட்டர். எடுத்து ஒன்றை அமத்தினால் ஆள் சுகம். அமத்தாவிட்டால் பொலிசுக்குச் செய்தி போகும். உங்கள் பிள்ளைகள், புருசன்மார் எத்தனை பேர் அந்தக் கூட்டுக்குள் இருந்திருக்கிறார்கள்... அந்த ஒரு பட்டன் எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களுக்குத் தெரியும்.

முந்தி எங்கள் பெடியன்களுக்கு இங்கிலிஷ் பிடிபடாது என்று தமிழிலேயே ஒரு குரலைப் பதிந்து வைத்திருந்தார்கள். யாரோ ஒரு பெண்ணின் குரல். "தம்பி, சுகமோ? சுகமெண்டால் ஒண்டை அமத்துங்கோ." குகதாசனும் அந்தக் குரலுக்கு அமத்தினவர்தான். நடுச்சாமத்தில் அதைக் கேட்டால் ஊர் ஞாபகம் வரும் என்று நிர்மலாவிடம் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு அந்தக் கொம்பியூட்டருக்குப் புதிய ஒப்பரேட்டிங் சிஸ்டம் போடவேண்டும். நத்தார் பகலில்தான் கூப்பிட ஒருவரும் இருக்கமாட்டார்கள், எல்லாம் பூட்டு. வெள்ளைக்காரன் ஒருவனும் அன்றைக்கு வேலைக்கு வரமாட்டான். நத்தார் இல்லாத எங்கள் ஆட்கள் வருவார்கள். ஆனால் ஏழு மணிக்குப் பிறகு கதை வேறு. அன்றிரவும் திறக்கிற ஷெட்டுகள் நாற்பது இருந்தன. நாற்பது பேர், தனித்தனியாக, குடிவெறிகாரர் திரிகிற இரவில்.

அதில் ஒருவன் நிர்மலாவின் தம்பி இராஜேந்திரன். ராசன் என்றுதான் கூப்பிடுவோம். வேலை பெக்கம் ஷெட்டில். முந்தின மாதம்தான் யாரோ அவனுடைய ஷெட்டுக் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்து, அவனுடைய கையிலும் ஏழு தையல். ஏழு மணிக்குள் கொம்பியூட்டர் எழும்பாவிட்டால் அவன் இருக்கிறானா செத்தானா என்று கேட்க நாதியில்லை. புறப்படும்போது நிர்மலா வாசலில் நின்று சொன்னது அது ஒன்றுதான். "ராசனை நினைச்சுக்கொண்டு வேலையை முடியுங்கோ."

நினைத்துக்கொண்டேதான் போனார் மனிசன்.

கட்டடத்தில் ஒரு சீவன் இல்லை. இயந்திர அறையில் காற்றாடிகளின் இரைச்சல்... சூடேறின தூசி மணம். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். புது சிஸ்டம் போடுவது வீடு மாறுகிற மாதிரி. பழைய வீட்டுத் தட்டுமுட்டெல்லாம் புது வீட்டுக்கு வராது. ரிட்டயர் ஆன பேக்கேஜ்கள், அதாவது பழைய மென்பொருள்கள் என்று ஒரு நிரை பெயர் திரையில் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். யாராவது பாவிக்கிறார்களா? இல்லை என்றால் அழித்துவிட்டு மேலே போகலாம். பாவனையில் இருப்பதை அழிக்க சிஸ்டம் லேசில் விடாது. அழிக்காமல் அடுத்த படிக்கும் விடாது.

எறிந்துவிட்ட பிரிண்டருக்கு ஒன்று. யாரோ எப்போதோ விளையாடின சதுரங்கம் ஒன்று. எல்லாம் பென்சன்காரர், சத்தமில்லாமல் போய்விட்டார்கள். கடைசியாக நின்றது அந்தத் தமிழ்க் குரல். அதற்குப் பதில் இங்கிலிஷ் பேசுகிற புதியது வந்து, எல்லா ஷெட்டையும் அதற்கு மாற்றி மாதக்கணக்காகிவிட்டது. அழி என்று தட்டினார்.

பாவனையில் உள்ளது என்றது திரை.

ஒரு லைன்... ஒரே ஒரு லைன் திறந்து கிடந்தது. நம்பரைப் பார்த்தார். 01 என்று தொடங்குகிறது. லண்டனுக்கு வெறும் 01 மட்டும் இருந்தது எந்தக் காலம்! ஒரு தரம் மாற்றி, அதையும் திருப்பி மாற்றியாயிற்று. அந்த நம்பருக்கு இன்றைக்கு அடித்தால் எங்கேயும் போகாது. ஆனால் இது போயிருக்கிறது. யாரோ எடுத்தும் இருக்கிறார்கள்.

"வயர் மாறிக் கிடந்திருக்கும்" என்றார் தில்லையம்பலம் அண்ணை. வாழ்நாள் முழுக்க மின்சார வேலை செய்த மனிசன், அவருக்கு எல்லாம் வயர்தான். "ஓம் அண்ணை, வயர்தான். கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

குகதாசன் தன் மேலாளருக்கு அடித்தார். சேஷாத்ரி என்று ஒரு மதராஸ்காரர், வீடு விம்பிள்டனில். "குகா, ஆராய்ச்சி எல்லாம் வேணாம். அந்த லைனைக் கட் பண்ணிட்டு ஃபோர்ஸா ரிமூவ் பண்ணிடுங்க. ஏழு மணிக்கு சிஸ்டம் மேல வந்தாகணும். ராத்திரி யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா நாமதான் பதில் சொல்லணும்." அவர் படித்துப் படித்துத்தான் சொன்னார். ஒரு கட்டளை தட்டினால் போதும், லைன் அறுந்துவிடும். மனிசன் அதைச் செய்திருக்கலாம். ஆனால் யாரென்று தெரியாமல் முகத்தில் அடித்த மாதிரி அறுக்க மனம் வரவில்லை. எங்கள் சாதிக் குணம் அது. கதவைச் சாத்துவதென்றாலும் இரண்டு வார்த்தை சொல்லித்தான் சாத்துவோம்.

சுவரோரம் லைன்களைச் சோதிக்கிற ரிசீவர் ஒன்று தொங்கும். அதைச் செருகிக் காதில் வைத்தார்.

முதலில் மழை... தகரத்தில் விழுகிற மழை. வெளியில் அன்றைக்கு மழை இல்லை. பிறகு ஸ்ஸ்ஸ் என்று ஒரு இரைச்சல். அவருக்கு அது உடனே பிடிபட்டது. மண்ணெண்ணெய் ஹீட்டர். அந்தக் காலத்து ஷெட்டுகளில் காலடியில் வைத்திருப்பார்களே, அது. இரண்டுக்கும் மேலால் அந்தப் பெண் குரல். தம்பி, சுகமோ... பீப். யாரோ ஒன்றை அமத்துகிறார்கள். திருப்பியும் தம்பி, சுகமோ... பீப். திருப்பியும்... இயந்திர அறையில் மண்ணெண்ணெய் மணம் எழும்பியது.

"ஹலோ" என்றார்.

பீப் நின்றது. மழை நின்றது. ஒரு மூச்சு.

"அண்ணை..." இளம் பெடியன் ஒருவனின் குரல், வடமராட்சிப் பேச்சு. "அண்ணை, மாற ஆள் வரேல்லை."

ஷெட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். மாற ஆள் வந்து கல்லாவைப் பொறுப்பெடுக்கும் மட்டும் கூட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. வெளிக்கிட்டால் வேலை போச்சு. முதலாளிக்கு அடித்தால் எப்போதும் ஒரே பதில்தான்... ஆள் வருது, ஆள் வருது. வராது. அடுத்த ஷிப்டையும் நீயே அடிக்கவேண்டியதுதான். குகதாசன் அந்தப் பதிலை எத்தனை விடியல்களில் கேட்டிருப்பார். அவருக்குப் பெடியனில் இரக்கம் வந்துவிட்டது.

"எந்த ஷெட் தம்பி?"

திரும்ப மழைச் சத்தம்.

"எவ்வளவு நேரமாய் நிக்கிறீர்?"

"தெரியேல்லை அண்ணை... இன்னும் விடியேல்லை."

குகதாசனுக்கு அப்போதுதான் பிடரி குளிர்ந்தது. மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறரை தாண்டிவிட்டது. அங்கே நாற்பது பேர், கையில் தையலோடு ராசன். இங்கே இவன். எப்படியாவது இவனைப் போனை வைக்கப் பண்ணவேண்டும். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், தன்னை எல்லாரும் ஏமாற்றின அதே வழி.

"சரி தம்பி, நீர் இப்ப போனை வையும். மாற ஆள் அனுப்பிறன்."

"ஆரை அண்ணை?"

பார்த்தீர்களா? அதுதான் ஷெட்டுக்காரன் கேள்வி. பெயர் சொல்லாத ஆளை ஒருவனும் நம்பமாட்டான். பெயர் சொன்னால்தான் ஆள் வரும் என்று அர்த்தம். குகதாசன் யோசிக்கவில்லை. பின்னேரம் முழுக்க மனதில் ஒரே ஒரு பெயரைத்தானே உருட்டிக்கொண்டு இருந்தார், அது நாக்கில் வந்துவிட்டது.

"ராசன் வருவான். பெக்கம் ஷெட்டிலை நிக்கிற இராஜேந்திரன்."

"நல்லது அண்ணை" என்றது குரல். எவ்வளவு சந்தோசம் அந்தக் குரலில் என்று சொல்லிச் சொல்லி குகதாசன் பிறகு அழுதாராம். டொக் என்று ஒரு சத்தம். லைன் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் வெண்ணெயில் கத்தி. பேக்கேஜ் ஒரு சொல்லுச் சொல்லாமல் அழிந்தது. அடுத்த படி, அதற்கடுத்த படி. ஏழு மணிக்கு முன்னமே புது சிஸ்டம் எழும்பிவிட்டது. நாற்பது ஷெட்டும் திரையில் பச்சை. பெக்கமும் பச்சை. சேஷாத்ரிக்கு அடித்துச் சொன்னார், அவர் "சபாஷ்" என்றார். வீட்டுக்கு வந்து நிர்மலா வைத்த இறைச்சிக் கறியோடு வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். பெடியன் கதையை அவளுக்குச் சொல்லவில்லை. நல்ல நாளில் ஏன் என்று விட்டாராம்.

விடிய பெக்கம் ஷெட்டுக்கு மாற வந்தவன் கண்ணாடியில் தட்டித் தட்டிப் பார்த்தான். லைட் எரிகிறது. கதவு உள்ளால் பூட்டு. முதலாளி வந்த பிறகு உடைத்துத்தான் திறந்தார்கள். ராசனுடைய கோட் கொளுக்கியில் தொங்குகிறது. தேத்தண்ணியில் ஆடை படிந்திருக்கிறது. கல்லாவில் ஒரு சதம் குறையவில்லை. ராசன் இல்லை. மண்ணெண்ணெய் மணம் மூக்கை அடைத்ததாம். அந்தக் கூட்டில் இருந்தது கரண்ட் ஹீட்டர்.

கமரா வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். ராசன் தொலைபேசியை எடுக்கிறான். கேட்கிறான். தலையாட்டுகிறான். எழும்புகிறான்... பிறகு படத்தில் கதிரை மட்டும். கதவு திறக்கவே இல்லை. ஆனால் இதைக் கேளுங்கள். கொம்பியூட்டர் அதற்குப் பிறகும் மணிக்கொரு தரம் கூப்பிட்டிருக்கிறது. ஒவ்வொரு தரமும் யாரோ ஒன்றை அமத்தியிருக்கிறார்கள். அதனால்தான் விடியும்வரை ஒருவரும் தேடவில்லை.

பொலிஸ் கொஞ்ச நாள் தேடியது. விசா வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த பெடியன், ஒளித்துவிட்டான் என்று பைலை மூடிவிட்டார்கள்.

கம்பளத்தில் இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் இன்னும் நெருங்கிக்கொண்டார்கள். சந்திரவதனா போர்வையை வாய்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். தில்லையம்பலம் அண்ணை எங்கள் ஹீட்டரின் வயரைத் தொட்டுப் பார்த்தார்.

மிச்சத்தையும் சொன்னேன்.

தை மாதம், ஒரு இரவு நிர்மலா வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தது நிர்மலா. மழைச் சத்தம்... "அக்கா" என்றான் ராசன். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு லைட் எல்லாம் எரிந்தது. எங்கேயடா நிக்கிறாய், எங்கேயடா நிக்கிறாய்... "தெரியேல்லை அக்கா. ஒரு ஷெட். குளிருது, கோட்டை விட்டிட்டு வந்திட்டன். மாற ஆள் வரேல்லை."

அன்றைக்குத்தான் குகதாசன் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார். நிலத்தில் இருந்து தலையில் அடித்து அடித்துச் சொன்னார்.

அடுத்த தரம் அடித்தபோது அவர்தான் எடுத்தார். "நான் வாறன் ராசன். நானே வாறன்" என்றார். "நீங்கள் ஷெட் வேலையை விட்டிட்டியள் அத்தான். ஏலாது" என்றான். நிர்மலா பறித்து, நான் வருகிறேன் என்றாள். "அக்கா, இரவு ஷிப்ட் செய்யிற ஆள்தான் வேணும்... ஆரை அனுப்பிறியள்?" அந்தக் கேள்விக்குக் குகதாசன் வயரைச் சுவரோடு பிடுங்கி எறிந்தார். தன் வாயால் இன்னொரு தாயின் பிள்ளையைச் சொல்லமாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினார். நல்ல மனிசன். அவருடைய சத்தியத்தை நான் நம்புகிறேன்.

நிர்மலா சத்தியம் பண்ணவில்லை. அவர் வேலைக்குப் போனபிறகு வயரைத் திரும்பச் செருகினாள்.

உங்களுக்குத் தெரியும் நிர்மலாவை. தானாக ஒருவருக்கும் போன் எடுக்காத ஆள். இந்த வருடம் தொடங்கின பிறகு எல்லாருக்கும் எடுக்கிறாள். எனக்கும் எடுத்தாள். சுகம் விசாரித்தாள், முழங்கால் வருத்தம் விசாரித்தாள், பிறகு மெதுவாக... "மகன் இப்ப எங்க வேலை, சுலோ?" பகலில் பஸ் ஓட்டுகிறான் என்றேன். "ஓ... பகலிலையோ" என்றாள். அந்த ஏமாற்றத்தைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. அவளில் கோபமும் வரவில்லை. தம்பி குளிருது என்று கூப்பிட்டால் நான் மட்டும் என்ன செய்வேன்? அதனால்தான் சொல்கிறேன். அவள் கேட்டால் பெயரும் சொல்லாதேயுங்கள், இடமும் சொல்லாதேயுங்கள்.

கதையை அந்த அளவில் முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"அக்கா" என்றாள் சந்திரவதனா. அவளுடைய முகம் திருநீறு மாதிரி வெளிறிப் போயிருந்தது. "நிர்மலா அக்கா நேற்று எனக்கு எடுத்தவா."

"என்ன கேட்டவள்?"

"யோகனைப் பற்றி... பிள்ளையின்ரை முழுப்பேர் என்ன, எந்த ஷெட், எத்தினை மணி ஷிப்ட் எண்டு. தம்பியைத் துலைச்ச மனிசி, பாவம், ஆசைக்குக் கதைக்கிறா எண்டு நினைச்சன். எல்லாம் சொன்னன் அக்கா."

யோகராஜா அவளுக்கு ஒரே பிள்ளை. வேலை டெப்ட்ஃபோர்ட்டில். அன்றிரவும் ஷிப்ட்.

கோயில் ஒபிசில் ஒரு தொலைபேசி இருந்தது. வெறுங்காலோடு ஓடினோம். சந்திரவதனா நம்பரைச் சொல்லச் சொல்ல நான் அமத்தினேன். எங்கேஜ்ட். "பெடியன் ஆரோ பெட்டையோடை கதைக்கிறான், பயப்பிடாதையும்" என்றார் பின்னால் வந்த தில்லையம்பலம் அண்ணை. சொன்னவர் சிரிக்கவில்லை. திருப்பி அமத்தினேன். எங்கேஜ்ட். நடுச்சாமத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறவன் யாரோடு இவ்வளவு நேரம்... மூன்றாம் தரம் மணி அடித்தது.

அடித்தது. அடித்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

தில்லையம்பலம் அண்ணை கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். டெப்ட்ஃபோர்ட் பக்கத்தில்தான், பத்து நிமிட ஓட்டம். சந்திரவதனா ரிசீவரைக் காதோடு அமத்திக்கொண்டு "எடடா ராசா, எடடா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். உள்ளே மூன்றாம் சாமப் பூசைக்கு மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. நான் அரை மணிக்கு மேலாக வாசலில் நின்று கார் போன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது திரும்பி வரவில்லை.

அப்போது மினிகாப் டாக்சி ஒன்று வந்து நின்றது. நிர்மலா இறங்கினாள். தலை முழுகி, பட்டுச் சேலை உடுத்து, கையில் தேங்காய் பழத்தோடு அர்ச்சனைத் தட்டு. ராசன் போன பிறகு அவள் முகத்தில் காணாத சிரிப்பு. என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை சூடாக இருந்தது.

"பூசை தொடங்கிட்டுதோ சுலோ? தம்பி நல்ல பசியோடை வந்தவன். சோறு குடுத்துப் படுக்கவைச்சுப்போட்டு வர நேரமாகிப்போச்சு."